ஒரு படி தவிடு

ஜூன் 19, வியாழன்

மேடம், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டிவிட்டது. தர்ஷிகா தூங்கிய பிறகுதான் என் கை எனக்குச் சொந்தம். அதுவரை அவள் பிடியில்தான் இருக்கும். நாளைக்கு எழுதலாம் என்று படுத்தால் நாளைக்கும் இதே கதைதான்.

உங்கள் இணையதளத்தில் இருந்த படிவத்தை அனுப்பியதும் பதில் வந்தது. "தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள். குழந்தை என்ன செய்தாள், அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். சில நாள் கழித்து மொத்தமாக அனுப்புங்கள்." கீழே ஹெப்சிபா, குழந்தைகள் மனநல ஆலோசகர் என்று போட்டிருந்தது. நீங்கள் நிஜ ஆளா, தானாகப் பதில் அனுப்பும் இயந்திரமா, தெரியவில்லை. ஆளாக இருந்தால் நல்லது.

நான் யமுனா. பி.இ. படித்தவள். நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. கணவர் தனபால், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். ஒரே மகள் தர்ஷிகா. ஐந்தரை வயது, ஒன்றாம் வகுப்பு.

இன்றைக்கு நடந்தது இது. பள்ளிக்கூடம் விடும்போது போனால் கேட்டிலேயே ரெஜினா மிஸ் நிற்கிறார். பக்கத்தில் ஒரு பையன். அவன் கையில் பல் பதிந்த தடம்.

"தர்ஷிகா திரும்பவும் கடிச்சுட்டாங்க. வீட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"ஒண்ணுமில்லைங்க மிஸ்."

"இல்ல, நீங்களும் சாரும் சண்டை கிண்டை…"

"இல்லைங்க."

"செல்லு நெறையாக் குடுக்கறீங்களோ?"

எல்லாரிடமும் ஒரு பதில் ரெடியாக இருக்கிறது. அந்தப் பையனின் அம்மா அதற்கு மேல். "ஒத்தைப் புள்ளைன்னு செல்லம் குடுத்தா இப்படித்தாங்க ஆகும்." நான் மன்னிப்புக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நானும் யாரையாவது கடித்திருப்பேன்.

ஸ்கூட்டியில் வரும்போது கேட்டேன். "எதுக்குடி அவனைக் கடிச்சே?"

"அவன் அவங்கம்மா மாதிரியே இருக்கானாம். நான் உன்ன மாதிரி இல்லையாம்."

இதெல்லாம் ஒரு காரணமா? இந்த வயதுப் பிள்ளைகள் பேசுவதெல்லாம் இப்படித்தான்.

மூன்று மாதமாகத் தேடுகிறேன் மேடம். ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்கக்காரர்கள் வருகிறார்கள். பிள்ளையை அவளுடைய அறைக்கு அனுப்பிச் சிறிது நேரம் தனியாக விடுங்கள் என்கிறார்கள். அவளுடைய அறையாம். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறை. அதில் கட்டில், பீரோ, மடிக்காத துணி. தமிழில் தேடினால் கோட்டுப் போட்ட ஒருவர் கத்துகிறார், பெற்றோர் செய்யும் மூன்று தவறுகள் என்று. கால் மணி நேரம் கேட்டால் கடைசியில் சத்துமாவு விற்கிறார். அம்மாக்கள் குழு ஒன்றில் கேட்டேன். பாதிப் பேர் உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார்கள். மீதிப் பேர் நான் வேலைக்குப் போவதுதான் காரணம் என்றார்கள். அவர்களும் அம்மாக்கள்தான்.

படிவத்தில் 'பிறப்பு விவரம்' என்ற பகுதியை நான் நிரப்பவில்லை. சுகப்பிரசவமா ஆபரேஷனா, எடை எவ்வளவு, எத்தனை மாதம் தாய்ப்பால் என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு நடந்ததற்கும் இன்றைக்கு ஒரு பையனைக் கடித்ததற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நான் பாத்ரூமில் இருக்கும்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்து அடியில் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். நசுங்கிவிடும், எடு என்று கத்தினேன். "அப்ப நீ வெளிய வா" என்றாள். வந்தேன். பாதிக் குளியலோடு.

ஜூன் 21, சனி

இன்று பள்ளி விடுமுறை. இவருக்குப் பட்டறையில் வேலை. தர்ஷியை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். குடோன் பக்கம் நிழலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்வை அவள் மேல்தான்.

அரிசி ஆலையிலிருந்து லோடு வந்தது. மூட்டை இறக்கும் ஆளிடம் இவள் போய்ப் பேச்சுக் கொடுத்தாள்.

"இது என்னங்க?"

"தவிடு சாமி. தள்ளி நில்லு, கண்ணுல விழுந்துரும்."

"இத்தனையும் தவிடா?"

"லாரி முச்சூடும் தவிடுதான்."

"யாருக்கு?"

"கோழிக்கு."

"பாப்பா வாங்கறதுக்கு இல்லையா?"

அந்த ஆள் சிரித்தபடி அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றினார். நானும் சிரித்தேன். திரும்ப ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், தர்ஷி அப்படியே நிற்கிறாள். மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு. காலைச் சுற்றி ஈரம். கூப்பிட்டால் காதில் விழவில்லை. தூக்கப் போனால் உதைத்தாள், கத்தினாள். மேனேஜரிலிருந்து டிரைவர் வரை எல்லாரும் வந்து பார்த்தார்கள். "பேய் கீய் அடிச்சிருச்சோ" என்று ஒருவர்.

தொடையில் இரண்டு அடி வைத்தேன். உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

இதற்கு முன் என்ன நடந்தது: ஒன்றுமில்லை. மூட்டை இறக்குவதை வேடிக்கை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து ஐந்து வயதுப் பிள்ளை பகலில் சிறுநீர் விடுவது பற்றித் தேடினேன். கிருமித் தொற்று, சர்க்கரை, முதுகெலும்பு, மனஅழுத்தம். எல்லாப் பக்கமும் ஒரே வரியில் முடிகிறது: மருத்துவரை அணுகவும். அணுகத் தெரியாமலா உன்னிடம் வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ராசிபுரத்திலிருந்து பூபதி அண்ணன் வந்திருந்தார். என் கூடப் பிறந்தவர், மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அவர் வந்தால் வீடு கலகலவென்று இருக்கும். தர்ஷிக்கு மாமா என்றால் உயிர். அதாவது, போன தீபாவளி வரை.

இன்று அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"எங்க மாப்ள, நம்ம குட்டியக் காணோம்?"

"கட்டிலுக்கு அடியில குடியிருக்குது மச்சான். வாடகையும் குடுக்கறதில்ல" என்றார் இவர்.

அண்ணன் குனிந்து, அவர் வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் மாமாக்கள் கூப்பிடுகிற மாதிரிப் பெயர்தான். வழக்கமான கிண்டலும் செய்தார். இவர் சிரித்தார். உள்ளேயிருந்து ஒரு செருப்பு வந்து அண்ணன் வாயில் விழுந்தது.

இழுத்து வெளியே கொண்டுவந்தேன். மாமாவிடம் மன்னிப்புக் கேள் என்றேன். கேட்கவில்லை. "விடு அம்மிணி, கொழந்தை" என்றார் அண்ணன். உதடு வீங்கியிருந்தது.

சாப்பிட்ட பிறகு காதுகுத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவள் வகுப்பில் காது குத்தாத பெண் இவள் ஒருத்திதான்.

"ஆனில நல்ல நாள் இல்ல. அடுத்தாப்ல ஆடி. ஆவணில பாத்துக்கலாம்."

"போன ஆவணிக்கும் இதேதாங்கண்ணா சொன்னீங்க."

"பண்ணலாம். ஆனா கூட்டம் கூட்ட வேண்டாம். நாம நாலு பேராப் போயி, ஏதாச்சும் கோயில்ல முடிச்சுட்டு வந்தர்லாம்."

"ஏன், ஊரைக் கூப்பிட்டுப் பண்ணுனா என்னங்கண்ணா?"

அண்ணன் இவரைப் பார்த்தார். இவர் அண்ணனைப் பார்த்தார். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்ததால் எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஸ்கூல் பையில் புத்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு ஜட்டி, ஒரு கவுன், பல் விளக்கும் பிரஷ் வைத்திருந்தாள். சிரிப்பு வந்தது. இல்லை, வரவில்லை.

அமெரிக்கக்காரர்கள் சொன்னபடி ஸ்டார் அட்டை ஒன்று தயார் செய்து பிரிட்ஜில் ஒட்டினேன். கடிக்காமல் இருந்தால் ஒன்று, தானாகச் சாப்பிட்டால் ஒன்று, அம்மா குளிக்கும்போது கதவைத் தட்டாமல் இருந்தால் ஒன்று.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று ஸ்டாரும் வாங்கிவிட்டாள். மிஸ்ஸிடமிருந்தும் புகார் இல்லை. ஏதோ ஒன்று உருப்படியாக நடந்திருக்கிறது.

ஜூன் 25, புதன்

உங்களிடமிருந்து மெயில். "படிவத்தின் இரண்டாம் பகுதி காலியாக உள்ளது. தெரிந்தவரை நிரப்பவும்."

தெரிந்தவரை என்றால் என்ன அர்த்தம்? பெற்ற தாய்க்குத் தெரியாமல் இருக்குமா என்ன? நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்குப் பெரிய பதில் ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். பிள்ளை எங்கே பிறந்தாள், எப்படிப் பிறந்தாள் என்று கேட்காதவர்கள் ஊரில் யாராவது உண்டா? தடுப்பூசி போடப் போனால் நர்ஸ் கேட்கிறார். ஸ்கூல் அப்ளிகேஷன் கேட்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்கிறாள், நார்மலா சிசேரியனா என்று. முன்பின் தெரியாதவளிடம் நான் ஏன் என் வயிற்றைத் திறந்து காட்ட வேண்டும்.

அதே படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பாதிப்பு உண்டா' என்றும் இருந்தது. என் பக்கமும் இவர் பக்கமும் நினைத்துப் பார்த்து 'இல்லை' என்று எழுதினேன். பிறகு அதையும் அழித்தேன்.

உங்கள் தளத்தில் தலைப்புகள் வரிசையாக இருக்கின்றன. அடம், கோபம், பயம், பொய், படுக்கையில் சிறுநீர், பெற்றோர் பிரிவு, வீட்டில் மரணம், தத்துக் குழந்தைகள். கடைசியைத் தவிர எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அது எங்களுக்குத் தேவைப்படாதது.

இவர் எட்டிப் பார்த்தார். "அந்தச் செல்லை மூடு. நெட்டுல தலைவலின்னு போட்டாலும் மூளைல கட்டின்னுதான் சொல்லும்."

"அப்ப நீங்க சொல்லுங்க. ஏன் இப்படிப் பண்றா?"

"வளந்தா சரியாப் போயிரும்."

கோட்டுப் போட்டவர் பரவாயில்லை. சத்துமாவாவது கொடுத்தார்.

ஜூன் 27, வெள்ளி

இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தர்ஷி பிரிட்ஜ் முன்னால் நின்று ஸ்டார்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னும் எத்தனை ஸ்டாரு வேணும்?"

"எதுக்கு சாமி?"

"நான் இங்கயே இருக்கறதுக்கு."

தோசைக்கரண்டியோடு திரும்பினேன். "உன்ன யாரு எங்க போகச் சொன்னா?"

ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "அவங்க தவிட்டத் திருப்பிக் குடுத்தா என்னயக் கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல. அங்க உன் ஆபீஸ்ல லாரி நெறையத் தவிடு இருந்துச்சே. நான் பாத்தேன்."

"யாரு சொன்னாங்க உனக்கு?"

"பூபதி மாமா. ஒரு படி தவிட்டுக்கு என்ன வாங்குனீங்களாம். கடிச்சா, அழுதா, திருப்பிக் குடுத்துருவீங்களாம்." பிறகு மெதுவாக, "நான் இப்ப கடிக்கறதில்லம்மா" என்றாள்.

தோசை கருகியது. கருகட்டும் என்று விட்டேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தேன். ஸ்டார் அட்டையைக் கிழித்தேன். அதற்கும் அழுதாள். சேர்த்து வைத்ததெல்லாம் போச்சே என்று.

நீங்களும் தமிழ் வீட்டில் வளர்ந்தவர் என்றால் இது தெரிந்திருக்கும். எந்தப் பிள்ளையும் தப்பியதில்லை. உன்னை நாங்க பெக்கல, ஒரு படி தவிட்டுக்கு வாங்குனோம். பிள்ளை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள், பிறகு தூக்கிக் கொஞ்சுவார்கள். என்னையும் சொன்னார்கள். சொன்னது இதே அண்ணன்தான். நான் அழுதுகொண்டே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அப்பாவின் மூக்கு அப்படியே என் முகத்தில் இருந்தது. அழுகை நின்றுவிட்டது.

தர்ஷி கண்ணாடியில் எதைப் பார்ப்பாள்?

மேலே இருக்கும் வரியை அடித்துவிட நினைத்தேன். அழகுபடுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

மூன்று மாதமாக எத்தனை பக்கங்கள் படித்திருப்பேன். கேள்வித்தாள்களுக்கு விடை எழுதி மதிப்பெண் போட்டிருக்கிறேன், அதிக அபாயம் என்று சிவப்பில் வந்ததும் மறுபடி முதலிலிருந்து எழுதிப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது விளையாட்டாக என்ன சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

தர்ஷியை இவரிடம் விட்டுவிட்டு ராசிபுரத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேச்சை இன்னையோட நிறுத்திருங்கண்ணா."

"எந்தப் பேச்சு?"

"தவிடு."

சிரித்தார். "அட, இதுக்கா பஸ் ஏறி வந்தே? போன்ல சொன்னாப் பத்தாதா?"

"புள்ள பயந்து கெடக்குது. துணியெல்லாம் எடுத்துப் பைல வைக்குது."

"எல்லாப் புள்ளைங்களையும் சொல்றதுதான். உன்னச் சொல்லலையா? அதனால நீ என்ன, இன்ஜினியர் ஆகாமப் போயிட்டியா?"

"என்னச் சொன்னது பொய்."

அண்ணன் குழாயை மூடினார். கோகிலா அண்ணி ஓடி வந்து கேட்டைச் சாத்தினார். "மெதுவாப் பேசு யமுனா. பக்கத்து வீட்டுல ஆளிருக்குது."

"அதனாலதான் அம்மிணி சொல்றேன்" என்றார் அண்ணன்.

எனக்குப் புரியவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுப்பாரே, அதே குரலில்.

"இங்க பாரு. இன்னைக்கு இல்லீன்னா நாளைக்கு, எவளாச்சும் ஒருத்தி வாய விடத்தான் போறா. கல்யாண வீட்டுலயோ எழவு வீட்டுலயோ. காதுகுத்த நான் தள்ளிப் போடறதும் அதுக்குத்தான், கூட்டம் கூடுனா பேச்சு வரும்னு. அப்படியும் ஒரு நாள் வந்துருச்சுன்னா? புள்ள என்ன நெனைக்கணும்? 'அட, இது எங்க மாமா எப்பவும் சொல்றதுதானே'ன்னு சிரிச்சுட்டுப் போகணும். அதுக்குத்தான் சின்னதுலருந்தே சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன். நெசத்த நாமளே வெளையாட்டு ஆக்கிட்டோம்னா, அப்புறம் எவன் சொன்னாலும் அது வெளையாட்டுதான். தடுப்பூசி மாதிரி."

தடுப்பூசி. என் பிள்ளைக்கு வாராவாரம் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"இத முடிவு பண்ண நீ யாரு?" என்றேன். என் வாழ்க்கையில் அண்ணனை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நானா முடிவு பண்ணுனேன்? மாப்ளகிட்டக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். நல்ல யோசனைதான் மச்சான்னாரு. உங்கிட்டச் சொன்னா அழுவீன்னு ரெண்டு பேரும் சொல்லல."

காபி குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நான் ஏறவில்லை.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் இன்றைக்கு என்னால் இதற்கு மேல் முடியாது.

ஜூன் 30, திங்கள்

தர்ஷி பள்ளிக்குப் போனதும் இவரைப் பட்டறைக்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அவர் சொல்லும்போதெல்லாம் கூட நின்னு சிரிச்சீங்க."

"நீயுந்தான சிரிச்ச?"

ஆமாம். நானும் சிரித்தேன். எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள், நான் மட்டும் சிரிக்காவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். அம்மா சிரிக்கிறாள், அப்படியானால் நிஜம்தான் போலிருக்கிறது.

"சொல்லிரலாங்க" என்றேன்.

"சொன்னா, அப்ப எங்கம்மா எங்கேன்னு கேக்கும். என்ன சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குச் சொல்லணும்? பதினெட்டு வயசாகட்டும் யமுனா. புரிஞ்சுக்கற வயசு வரட்டும்."

"அது வரைக்கும் கடிச்சுக்கிட்டே திரியட்டுமா? பையத் தூக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கட்டுமா?"

"அது என் புள்ள. எனக்குப் பொற…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"பாத்தீங்களா, உங்களாலயே முழுசாச் சொல்ல முடியல. அவள மட்டும் முழுங்கச் சொல்றீங்க."

சாப்பாட்டுக் கேரியரை எடுக்காமல் போய்விட்டார். எடுத்துப்போய்க் கொடுக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கொடுக்கவில்லை. பசிக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

பிறப்பு விவரம்.

சுகப்பிரசவமா ஆபரேஷனா: தெரியாது. எடை: தெரியாது. தாய்ப்பால்: தெரியாது. நான் கொடுக்கவில்லை. குடும்பத்தில் மனநலப் பாதிப்பு: தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான். சேலத்தில் ஒரு இல்லத்திலிருந்து, சட்டப்படி, கையெழுத்தெல்லாம் போட்டு வாங்கி வந்தோம். அப்போது அவளுக்கு ஏழு மாதம். என் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். ராசிபுரத்தில் இருந்தால் ஊர் பேசும் என்று வீட்டைக் காலி செய்து நாமக்கல் வந்தோம். இங்கே யாருக்கும் தெரியாது. கைக்குழந்தையோடு குடி வந்தவர்களை யார் சந்தேகப்படுவார்கள்.

'வாங்கி வந்தோம்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். எனக்கே வேறு வார்த்தை வரவில்லை.

உங்கள் தளத்தில் நான் திறக்காமல் வைத்திருந்த அந்தத் தலைப்பை இன்று திறந்தேன். கோபத்தோடுதான் படித்தேன், படித்த பிறகு இன்னும் கோபம். விவரம் தெரியும் முன்பே, கைக்குழந்தையிலிருந்தே சொல்லி வளர்ப்பது நல்லது என்கிறீர்கள். சரி. அதைத் தவறவிட்டவர்கள் என்ன செய்வது? ஒரு வரிகூட இல்லை. பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது, மாமன் அதை ஏற்கெனவே கேலியாகச் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றிவிட்டான், இனி உண்மையைச் சொன்னால் அந்தக் கேலியைத்தான் நாங்கள் உறுதி செய்கிறோம். இதற்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது?

ஒரு மாதிரி வாக்கியம் போட்டிருக்கிறீர்கள். 'நீ என் வயிற்றில் வளரவில்லை, என் இதயத்தில் வளர்ந்தாய்.' மேடம், இதை எந்தத் தமிழ் அம்மா வாய் திறந்து சொல்லுவாள்? தர்ஷியிடம் சொன்னால் இதயத்திலிருந்து எந்த வழியாக வெளியே வந்தேன் என்று கேட்பாள். எங்கேயோ யாரோ எழுதியதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைக்குத் தெரிந்தது பஸ், ஸ்கூல், தோசை, கோழி, லாரி. அந்த மொழியில் சொல்லுங்கள்.

மரியாதைக் குறைவாக எழுதிவிட்டேன். அடித்து அழிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

சாயங்காலம் தலை வாரிக்கொண்டிருந்தேன். இவர் சீக்கிரம் வந்துவிட்டிருந்தார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. வாசல்படியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். "அம்மா, மாமா சொல்றது நெசமா, பொய்யா?"

எப்போதும் கையோடு ஒரு பதில் வைத்திருப்பேன். 'பொய் சாமி, மாமா சும்மா சொல்றாரு.' இன்றும் நாக்கு நுனி வரை வந்தது.

"தவிடு பொய்" என்றேன்.

"அப்ப மத்தது?"

வாசலில் ஷூ கழற்றும் சத்தம் நின்றது.

"உன்னத் திருப்பிக் குடுக்கறதுங்கறதும் பொய். யார் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டோம். நீ கடிச்சாலும் குடுக்க மாட்டோம்."

"மத்தது?"

அவள் விடுகிற பிள்ளை இல்லை. "ஞாயித்துக்கெழம சொல்றேன். அப்பாவும் நானும் சேந்து சொல்றோம்."

"இப்பவே சொல்லு."

"எப்படிச் சொல்றதுன்னு அம்மாக்குத் தெரியல. தப்பாச் சொல்லிரக் கூடாதில்ல. ஒருத்தங்ககிட்டக் கேட்டிருக்கேன்."

"யாருகிட்ட?"

"ஒரு மேடம்கிட்ட."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன்."

பிறகு தலையை நேராக வைத்துக்கொண்டு, "சரி, பின்னு" என்றாள்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பொய் என்று நான் சொல்லாததை அவள் கவனித்துவிட்டாள். அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டுவிட்டாள்.

அவள் தூங்கிய பிறகு இவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம நானும் கூட உக்காந்துக்கறேன்" என்றார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவரும் உட்காருவார். அண்ணன் பலமுறை போன் செய்துவிட்டார், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். அதற்குப் பிறகு காதுகுத்துக்கு ஊரைக் கூப்பிடுவேன்.

இத்தனை நாள் எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். இதில் என்மேலும் தப்பு இருக்கிறது. அதை நீங்கள் பிறகு சொல்லிக்கொள்ளலாம், கேட்டுக்கொள்கிறேன். முதலில் எனக்கு வேண்டியது வேறு. அவளை எங்கே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், முதல் வாக்கியமாக என்ன சொல்ல வேண்டும், அவளைப் பெற்றவள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கு மட்டும் பதில் போதும். ஞாயிற்றுக்கிழமை என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். தயவுசெய்து அதற்குள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.